மலேயா போய்ப் படையில் சேர்ந்து இறந்த இளைஞருக்கு ஊரில் நினைவுக்கல்: என்ன எழுதுவது, எப்படி நிறுத்துவது?

வெட்டாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கீழ்வேளூர் வட்டாரத்துக் கிராமம். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இங்கே வேண்டாம். ஊர்ப் பையன் ஒருவர் 1937-ல் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனார். அப்போது வயது 16. மலேயாவின் கெடா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு வேலை. பிறகு "பட்டாளத்துல சேர்ந்தான், பர்மாவுல செத்துட்டான்" என்பதுதான் வீட்டில் வழிவழியாக வரும் செய்தி. வெள்ளைக்காரன் பட்டாளம் என்கிறார்கள்.

கையில் இருப்பது தோட்டத்து முகவரி போட்ட ஒரு தபால் அட்டை, சீருடையோடு மார்பளவுப் படம் ஒன்று. வருகிற தை, மாசிக்குள் ஊரில் கல் நட முடிவாகியிருக்கிறது. வாசகம், கல், அடித்தளம் மூன்றுக்கும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "பிரிட்டிஷ் இந்திய ராணுவ வீரர், போரில் வீரமரணம்" என்று வாசகம் எழுதி வைத்திருக்கிறோம்.

ஆவணக்கட்டு எழுதியது:

அந்த வாசகத்தை இப்போதே கல்வெட்டுக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். எந்தப் படை என்பது முடிவாகாமல் ஒரு எழுத்தும் வெட்டக்கூடாது. மலேயா போன தஞ்சை மாவட்டத்து இளைஞர் "யுத்தத்தில் இறந்தார்" என்றால் மூன்று வழிகளில் எதுவாகவும் இருக்கலாம்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவம் அல்லது மலேயாத் தொண்டர் படையாக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. பர்மாவில் இறந்து கல்லறை தெரியாதவர்களின் பெயர்கள் யாங்கோனுக்கு வடக்கே தௌக்யான் கல்லறைத் தோட்டத்து ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. ஏறக்குறைய 27,000 பெயர்கள். தகனம் செய்யப்பட்டவர்களுக்கு அதே வளாகத்தில் தனிச் சின்னம் உண்டு. மலேயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் 24,000-க்கு மேல் பெயர்கள்.

இரண்டாவது, இந்திய தேசிய ராணுவம். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு தோட்டத்துத் தமிழர்கள் பெருவாரியாகச் சேர்ந்தார்கள். அந்தப் படையில் இருந்து இறந்தவர் கல்லறை ஆணையப் பட்டியலில் வரமாட்டார். அங்கே இல்லை என்பதால் செய்தியே பொய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

மூன்றாவது, சயாம்–பர்மா ரயில் பாதை வேலை. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இணைந்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் அங்கே காலராவிலும் பட்டினியிலும் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அவர்கள் படைவீரர்கள் அல்ல, தொழிலாளர்கள். அவர்களுக்கும் கல் வேண்டும்தான், ஆனால் வாசகம் வேறு.

உங்களிடம் ஒரே கேள்வி: அந்தச் சீருடைப் படம் வீட்டுக்கு எப்போது, எப்படி வந்தது? அதில் பாதி விடை இருக்கிறது.

வெட்டாற்றங்கரை எழுதியது:

விசாரித்தேன் ஐயா. அட்டை தபாலில் வந்தது, முத்திரை 1940. படம் தபாலில் வரவில்லை. யுத்தம் முடிந்து 1946-ல் ஊர் திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் கையில் கொண்டுவந்து கொடுத்தாராம். இறந்த செய்தியைச் சொன்னவரும் அவர்தான்.

ஆவணக்கட்டு எழுதியது:

அப்படியானால் இந்திய தேசிய ராணுவம் பக்கம்தான் கனம் கூடுகிறது. காரணம் சொல்கிறேன்.

ஜப்பானியர் 1941 டிசம்பர் 8-ல் கோத்தபாருவில் இறங்கினார்கள். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-ல் விழுந்தது. அதன் பிறகு யுத்தம் முடியும் வரை மலேயாவுக்கும் இந்தியாவுக்கும் வழக்கமான தபால் ஓடவில்லை. 1940-ல் தோட்டத்திலிருந்து எழுதுகிறார். அதில் பட்டாளப் பேச்சே இல்லை. படம் 1946-ல் ஆள் கையில் வருகிறது. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இறந்திருந்தால் வாரிசுக்கு அரசாங்கக் கடிதமும், பாக்கிச் சம்பளமும், குடும்ப ஓய்வூதியப் பேச்சும் வந்திருக்க வேண்டும். அப்படி ஒரு தாளும் வீட்டில் இல்லையே.

ஆனால் இது ஊகம்தான். படத்தை 1200 புள்ளி (டிபிஐ) அடர்த்தியில் ஸ்கேன் செய்து, தொப்பி வில்லை, காலர், தோள் மூன்றையும் தனித்தனியாகப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை, தேதி இருக்கிறதா பாருங்கள். ஆண்டு 2603, 2604 என்று இருந்தால் அச்சுப் பிழை அல்ல, ஜப்பானிய ஆண்டுக் கணக்கு. 660-ஐக் கழித்தால் 1943, 1944. படத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கவும் வேண்டாம். சட்டத்தோடே ஸ்கேன் பண்ணலாம்.

அடுத்தது தேடல். கல்லறை ஆணையப் பட்டியலையும் ஒரு தடவை முழுசாகத் தேடி, இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே "நாகப்பட்டினம் மாவட்டம்" என்று போட்டால் ஒன்றும் வராது. நாகை மாவட்டம் 1991-லும் திருவாரூர் 1997-லும் மயிலாடுதுறை 2020-லும்தான் பிறந்தன. அன்று எல்லாம் தஞ்சாவூர், அதுவும் ஆங்கிலத்தில் "டாஞ்சூர்". நாகைக்கு "நெகபட்டம்", சீர்காழிக்கு "ஷியாலி", தரங்கம்பாடிக்கு "ட்ராங்குபார்". கூடுதல் தகவல் என்ற கட்டத்தில்தான் "இன்னார் மகன், இன்ன ஊர், டாஞ்சூர்" என்று இருக்கும். ஆகவே ஆள் பெயரை விட்டுவிட்டு ஊரையும் தகப்பனார் பெயரையும் வைத்துத் தேடுவது பலன் தரும். ஆள் பெயர்தான் அதிகம் சிதைந்து கிடக்கும்.

இந்திய தேசிய ராணுவத்துக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகம். அந்தப் படைக்கென்றே கோப்புத் தொகுதி இருக்கிறது. காப்பகத்தின் "அபிலேக் படல்" இணையதளத்தில் பலவற்றின் பட்டியலைப் பார்க்கலாம். அதோடு இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் தியாகிகள் அகராதியில் ஐந்தாம் தொகுதி தமிழ்நாட்டையும் சேர்த்தது. 2019-ல் வெளியானது. அதில் பெயர், ஊர், சேர்ந்த படை, இறந்த இடம் சுருக்கமாக இருக்கும். முதலில் அதைப் புரட்டுங்கள்.

நெடுங்காட்டான் எழுதியது:

நடுவே ஒரு செய்தி. இதைப் படிக்கும் காரைக்கால் பக்கத்து ஆட்களுக்காக.

நம்ம பகுதிச் சொல்தாக்களுக்கு (பிரெஞ்சுப் படைச் சிப்பாய்களுக்கு) மேலே சொன்ன பட்டியல் எதுவும் உதவாது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இறந்தவரைப் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் "மெமுவார் தே ஓம்" தளத்தில் தேட வேண்டும். முதல் உலகப் போருக்கு ஒவ்வொருவருக்கும் கையால் எழுதிய ஒரு அட்டை ஸ்கேனாகக் கிடைக்கும். பெயர், படைப்பிரிவு, எண், இறந்த தேதி, இடம், எப்படி இறந்தார், பிறந்த ஊர் எல்லாம் ஒரே அட்டையில். இந்தோசீனா, அல்ஜீரியா போர்களுக்குத் தனித்தனிப் பட்டியல். இந்தோசீனாவில் இறந்தவர்களுக்குத் தென்பிரான்சில் ஃப்ரெழூஸ் நகரில் நினைவகம் இருக்கிறது, 1993-ல் திறந்தது.

தேடும்போது நம் பெயரைப் பிரெஞ்சுக் காதால் கேட்டு எழுதியிருப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது. உகரம் வருமிடத்தில் ‘ஓ’, ‘யு’ என்று ஈரெழுத்து. "சாமி"க்கு ‘எஸ்’ இரட்டிக்கும். குழந்தைசாமியின் ழகரம் ‘ஜே’ ஆகிவிடும். திருமலைராயன்பட்டினத்துக்காரர் என்றால் பிறந்த ஊர் "கிராந்த் ஆல்தே" என்று இருக்கும், பிரெஞ்சுக்கால உள்ளாட்சிப் பகுதியின் (கொம்யூன்) பெயர் அது. பிரெஞ்சு அரசின் 1881 ஆணைப்படி குடும்பப் பெயர் எடுத்துக்கொண்ட வீடாக இருந்தால் தாத்தா வைத்த அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். பிறப்புப் பதிவேட்டின் படம் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்துக் கடல்கடந்த பகுதி ஆவணக் காப்பகத் தளத்தில் காரைக்காலுக்கும் உண்டு.

வெட்டாற்றங்கரை எழுதியது:

நன்றி அண்ணே. படத்தில் தொப்பி வில்லை மங்கல், பின்பக்கம் வெறுமை. கல்லறை ஆணையத்தில் ஊரையும் தகப்பனார் பெயரையும் போட்டு எல்லா வகையிலும் பார்த்தாகிவிட்டது, இல்லை. காப்பகத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரத் தைக்கு மேல் ஆகலாம். அதுவரை கல்லை நிறுத்தி வைப்பதா?

கல்லோசை எழுதியது:

நிறுத்த வேண்டாம். உறுதியானதை மட்டும் வெட்டி, கீழே எட்டு அங்குலம் வெறுமையாக விடுங்கள். பதில் வந்ததும் நின்ற கல்லிலேயே இரண்டு வரி சேர்த்து வெட்டலாம். கையடக்க இயந்திரத்தோடு வந்து அரை நாளில் முடித்துவிடுவார்கள். வெட்டியதை அழிப்பதுதான் முடியாத காரியம். பரப்பையே இழைத்து இறக்க வேண்டும், பாலிஷ் போய்விடும்.

கல் அளவு சொல்கிறேன். மொத்த உயரம் 5½ அடி, அகலம் 1½ அடி, கனம் 4 அங்குலம். இதில் ஒன்றரை அடி பீடத்துக்குள் போய்விடும், வெளியே 4 அடி நிற்கும். 2¾ கன அடி வரும். கன அடிக்கு 75 கிலோ என்று வைத்தால் சுமார் 206 கிலோ. ஆறு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கிவிடலாம், கிரேன் தேவையில்லை. கனத்தை 2 அங்குலமாகக் குறைத்தால் காசு மிச்சமாகும், ஆனால் ஏற்றி இறக்கும்போதே இடுப்பில் முறியும்.

கருப்பு கிரானைட் எடுங்கள். வெட்டிய எழுத்து சாம்பல் வெள்ளையாகவே பளிச்சென்று தெரியும், வண்ணம் நிரப்பவே வேண்டாம். சாம்பல் நிறக் கல்லில் எழுத்து தெரிய எனாமல் அடிக்க வேண்டும், நாகை வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் அது சீக்கிரம் உரிந்துவிடும். கல் வாங்குமுன் பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஓரத்தில் தேயுங்கள். பஞ்சில் கறுப்பு ஏறினால் அது சாயம் ஏற்றிய கல், வெயிலில் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

கீழ் ஒன்றரை அடிக்கு நான்கு பக்கமும் பாலிஷ் வேண்டாம், சொரசொரப்பான பொளியாகவே விடச் சொல்லுங்கள். வழவழப்பான பரப்பில் கான்கிரீட் பிடிக்காது.

எழுத்து விஷயத்தில்தான் அதிகம் கெடும். வாட்ஸப்பில் வாசகத்தை அனுப்பினால் கடைக்காரர் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார். "கொ", "கோ", "கௌ" கொம்பு இடம் மாறும், "ஸ்ரீ" உடையும், புள்ளி காணாமல் போகும். எழுத்தாக அனுப்பாமல், வரைகோடாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். பிறகு கடையில் எடுக்கும் ஸ்டென்சிலை ஒட்டிய நிலையில், வெட்டுமுன், ஊரில் தமிழ் நன்கு தெரிந்த இருவர் நேரில் போய் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். புள்ளிகளை மட்டும் ஒரு தடவை தனியாக எண்ணுங்கள். மணல் பீய்ச்சும்போது சிறு புள்ளி ஸ்டென்சிலோடு சேர்ந்து பிய்ந்து பெரிதாகும், அல்லது ஆழம் இறங்காமல் நின்றுவிடும். அதனால் புள்ளியை 5 மில்லிமீட்டர் துரப்பணத்தால் தனியாகத் துளைப்பதே நல்லது. எழுத்து உயரம் 1 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, ஆழம் 3 முதல் 4 மில்லிமீட்டர். பெயர் மட்டும் 2 அங்குலம்.

இருபுறமும் ஒன்றரை அங்குல ஓரம் போக 15 அங்குலம் மிஞ்சும். ஒரு வரிக்கு 13 எழுத்துக்கு மேல் கொள்ளாது. படையின் பெயர் பின்னால் சேர்க்க நேர்ந்தால் "இந்திய தேசிய" ஒரு வரி, "ராணுவத்தில் சேர்ந்து" அடுத்த வரி. சொல்லை ஒடித்து மடக்காமல் வரி பிரியுங்கள்.

பொய்யூர்மேடு எழுதியது:

போர்க் கல்லறைகளில் இருக்கும் மாதிரியே சின்னதாக, 2 அடி 8 அங்குல உயரம், 1 அடி 3 அங்குல அகலத்தில் வைத்தால் என்ன? அதுதானே அங்கே வழக்கமான அளவு.

ஆவணக்கட்டு எழுதியது:

அந்த அளவு வரிசையாக ஆயிரம் கல் நிற்கும் இடத்துக்கு வகுத்தது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே கல் என்ற எண்ணம் அதில் இருக்கிறது, நல்ல எண்ணம். ஆனால் வயல்வெளியில் ஒற்றையாக நிற்கும் கல் மூன்றடிக்குக் கீழே இருந்தால் கோரையும் எருக்கும் மறைத்துவிடும். தவிர, அவர் அந்த ஆணையத்தின் பட்டியலில் இல்லாதவர். இந்த ஊர் தன் பிள்ளைக்கு வைக்கிற கல் இந்த ஊர் அளவில் இருக்கட்டும்.

வாசகத்துக்கு மாதிரி வேண்டுமென்றால் செங்கம், தருமபுரிப் பக்கத்துப் பழைய நடுகற்களைப் பாருங்கள். எந்த ஆண்டு, யாருடைய சேவகன், எந்தச் சண்டையில் பட்டான் என்பதோடு நின்றுவிடும். அடைமொழி குறைவு.

மண்வெட்டி எழுதியது:

அடித்தளம் யாரும் சொல்லவில்லையே. நம்ம பக்கம் கல் சாய்வதற்குக் காரணம் கல் இல்லை, மண்.

டெல்டாக் களி சித்திரை வைகாசியில் கை நுழையும் அளவு வெடிக்கும், தண்ணீர் வந்ததும் ஊதும். ஜூன் 12 கணக்கில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் அக்கம்பக்கத்து மண் முழுக்க மேலே எழும்பும். ஒன்றரை அடி குழி தோண்டிச் செங்கல் பீடம் கட்டி நிறுத்திய கல் ரெண்டு மூணு போகத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

குழி 3 அடிக்கு 3 அடி, ஆழம் 3 அடி. அடியில் 1 அடி எம்-சாண்டு நிரப்புங்க, ஆறு ஆறு அங்குலமாக ரெண்டு அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் விட்டுத் திமிசு போடணும். சவுடு மணல் வேண்டாம், அதில் களி கலந்திருக்கும், போட்டதே வீண். அதுக்கு மேல் 6 அங்குலம் சிமெண்டு, மணல், ஜல்லி 1:4:8 கலவை, 40 மில்லி ஜல்லி. அதுக்கு மேல் இரண்டரை அடிச் சதுரத்தில் 9 அங்குலக் கனம், 1:1½:3 கலவை, 20 மில்லி ஜல்லி, 10 மில்லி கம்பி ஆறு அங்குல இடைவெளியில் ரெண்டு திசையிலும். கம்பிக்குக் கீழே 2 அங்குலம் கவர் பிளாக் வைக்கணும். அந்தத் தளத்தின் மேல் கல்லை நிறுத்தி, சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்குக் கான்கிரீட் பீடம். தரைக்கு மேல் 9 அங்குலம் தெரியும், மேல்பக்கம் வெளிவாட்டம் கொடுத்துத் தேய்க்கணும். மூணு மூட்டை சிமெண்டுக்குள் முடியும்.

தண்ணீர்தான் முக்கியம். கீழ்வேளூருக்குக் கிழக்கே நிறைய இடத்தில் போர்வெல் தண்ணீர் கரிக்கும். அதில் கலவை போட்டால் கம்பி துரு ஏறிப் பீடம் உள்ளிருந்தே வெடிக்கும். குடிதண்ணீர் நாலு குடம் அதிகம் தூக்கினாலும் பரவாயில்லை. பீடத்துக்குச் சாக்குப் போட்டுப் பத்து நாள் தண்ணீர் காட்டணும்.

கல்லைக் குழியில் இறக்கியதும் ரெண்டு பக்கமும் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்து, முன்பக்கம் ஒன்று, ஓரத்தில் ஒன்று எனத் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கணும். கான்கிரீட் போடும்போது ஒரு பக்கமே கொட்டினால் கல் நகரும், சுற்றிச் சுற்றிக் கொட்டணும். முட்டு மூணு நாளைக்கு எடுக்காதீங்க.

ஐப்பசி கார்த்திகையில் தொடவே கூடாது, குழியில் ஊற்று நிற்கும். சம்பா அறுத்து வயல் காய்ந்த தை கடைசி, மாசிதான் சரியான நேரம்.

பொய்யூர்மேடு எழுதியது:

இடம் எங்கே? ஆற்றங்கரைப் படுகை என்றால் நீர்வளத் துறை எடுக்கச் சொல்லும்.

மண்வெட்டி எழுதியது:

சாலையோரமும் வேண்டாம். பொதுச்சாலை, நடைபாதையில் சிலையோ கட்டுமானமோ வைக்க அனுமதிக்கக் கூடாது என்று 2013-ல் உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கு. பட்டா நிலத்தில் ஆறடிக்கு ஆறடி எழுதி வாங்கி ஊராட்சி பேருக்கு ஆக்கிடுங்க. அரச மரம், தூங்குமூஞ்சி மரத்தடி ஆகாது, வேர் பீடத்தைத் தூக்கும்.

வெட்டாற்றங்கரை எழுதியது:

இடம் பள்ளிக்கூடத்தை ஒட்டிய பட்டா நிலம், கொடுப்பவர் சம்மதித்துவிட்டார். மண்வெட்டி அண்ணன் சொன்னபடியே அடித்தளம் போடுகிறோம். "வீரமரணம்" என்ற சொல்லை எடுக்கலாமா கூடாதா என்று ஊரில் பேச்சு ஓடுகிறது. குடும்பத்தில் பெரியவர்களுக்கு அது வேண்டும்.

ஆவணக்கட்டு எழுதியது:

பெரியவர்கள் மனசு புரிகிறது. ஆனால் 1944-ல் இம்பால் முனையிலிருந்து பின்வாங்கியபோது அந்தப் படையில் குண்டுக்கு இறந்தவர்களைவிட மலேரியாவுக்கும் சீதபேதிக்கும் பசிக்கும் இறந்தவர்கள் அதிகம். 1945 பிப்ரவரியில் ஐராவதிக் கரையில் ஞாங்ஊ அருகே பிரிட்டிஷ் படை ஆற்றைக் கடப்பதைத் தடுத்து நின்றபோது சுடப்பட்டு இறந்தவர்களும் உண்டு. இவர் எதில் போனார் என்று தாள் எதுவும் இல்லை. காட்டில் காய்ச்சலில் செத்த 23 வயதுப் பிள்ளையின் சாவு எந்த விதத்திலும் குறைந்தது அல்ல. "உயிர்நீத்த" என்று போடுங்கள், எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இறந்த தேதியும் வேண்டாம். பிறப்பு 1921 என்பது 1937-ல் 16 என்ற கணக்கிலிருந்து வருகிறது. பள்ளிப் பதிவேடோ தாலுகா அலுவலகப் பிறப்புப் பதிவேடோ கிடைத்தால் அதையும் ஒத்துப் பார்த்துவிடுங்கள். பெயருக்கு முன் தகப்பனார் முதலெழுத்தோடு நிறுத்தாமல் முழுப் பெயரும் போடுங்கள். காப்பகத்தில் பின்னால் தேடுகிறவருக்கு அதுதான் பிடி. இப்படி:

இவ்வூரில் பிறந்து
1937-ல் மலேயா சென்று
படையில் சேர்ந்து
பர்மாவில்
உயிர்நீத்த
(தகப்பனார் பெயர்) மகன்
(பெயர்)
நினைவாக
ஊரார் நட்ட கல்

படையின் பெயர் காப்பகப் பதில் வந்த பிறகு கீழே வெட்டிக்கொள்ளலாம்.

நெடுங்காட்டான் எழுதியது:

தேதி இல்லாததால் திதி எப்போது என்ற கேள்வி வரும். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுப்பது வழக்கம். ஆடி, தை அமாவாசைகளும் உண்டு. வேதாரண்யமோ பூம்புகாரோ, குடும்பத்துக்கு எது பழக்கமோ அங்கே.

வெட்டாற்றங்கரை எழுதியது:

வாசகத்தைப் படித்துக் காட்டினேன், பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள். "உயிர்நீத்த" இருக்கட்டும் என்றார்கள். தியாகிகள் அகராதி ஐந்தாம் தொகுதி தஞ்சாவூர் நூலகம் ஒன்றில் இருப்பதாகத் தகவல். திங்கட்கிழமை ஒருவர் போகிறார். கல்லுக்கு முன்பணம் அதைப் பார்த்த பிறகு.

கல்லோசை எழுதியது:

ஸ்டென்சில் எடுத்ததும் படத்தை இங்கே போடுங்கள். பெயர் வரியை மறைத்துவிட்டு மற்றதைப் போட்டால் போதும், புள்ளியும் கொம்பும் சரிபார்த்துச் சொல்கிறேன்.